பெரிய கடல்நீர்த் தொட்டிக்கு ஒத்துப்போகும் டேங் மீன்கள்: பட்டியல் போடுவது முதல் தொட்டியில் விடுவது வரை

ஆறடி, எட்டடி என்று பெரிய கடல்நீர்த் தொட்டி கட்டுகிறவர்களில் பாதிப் பேர் டேங் (சர்ஜன்) மீன்களுக்காகத்தான் கட்டுகிறார்கள். மஞ்சள் ஒன்று, நீலம் ஒன்று, பர்ப்பிள் ஒன்று, கையில் காசிருந்தால் பவுடர் புளூ ஒன்று. ஆசை நியாயமானதுதான். பகல் முழுக்கத் திறந்த வெளியில் நீந்தி, பாறையில் முளைக்கும் பாசியை மேய்ந்து, யார் வீட்டுக்கு வந்தாலும் கண்ணில் படுகிற மீன்கள் இவை. வால் அடியில் கத்தி போன்ற முள்ளை வைத்துக்கொண்டு ஒன்றையொன்று கிழிக்கிற மீன்களும் இவையே.

"மஞ்சளும் பர்ப்பிளும் ஒத்துப்போகுமா?" என்று கேட்டால் ஒருவர் போகும் என்பார், இன்னொருவர் ஒரே வாரத்தில் ஒன்று செத்தது என்பார். இரண்டு பேரும் உண்மைதான் சொல்கிறார்கள். தொட்டியின் நீளம், மீன்களின் உடல் வடிவம், கிடைக்கும் சாப்பாடு, எதை முதலில் விட்டோம் என்ற வரிசை, இந்த நான்கும் சேர்ந்துதான் பதிலைத் தீர்மானிக்கின்றன. அதனால் மீன் வாங்கும் முன்பே முழுப் பட்டியலையும் வரிசையையும் தாளில் எழுதிவிட வேண்டும். கடையில் நின்றுகொண்டு முடிவெடுக்கிற விஷயம் இல்லை இது.

ஏன் சண்டை போடுகின்றன?

டேங்குகளில் பெரும்பாலானவை பாசி தின்னிகள். பாறையில் ஒட்டி வளரும் பாசியில் சத்து குறைவு. நாள் முழுக்க மேய்ந்தால்தான் வயிறு நிறையும். ஆகவே நல்ல பாசி வளரும் இடம் ஒரு சொத்து. செங்கடலில் சோஹால் டேங்கும், இந்திய, பசிபிக் பெருங்கடல்களில் வரிக்கோடு போட்ட கிளவுன் டேங்கும் அலை அடிக்கும் பவளப்பாறை விளிம்பில் தங்களுக்கென்று ஒரு பகுதியைப் பிடித்து, வருகிறவர்களை எல்லாம் விரட்டும். ஒரே தெருவில் ஒரே சரக்கை விற்கும் இரண்டு கடைக்காரர்களுக்குள் இருக்கும் உறவுதான் இரண்டு டேங்குகளுக்குள்ளும். தன்னைப் போன்ற உடல், தன்னைப் போன்ற வாய், தன்னைப் போன்ற நிறம் உள்ளவன் வந்தால் கோபம் அதிகம். வேறு சரக்கு விற்பவன் வந்தால் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை.

இதே கடலில் இன்னொரு உத்தியும் உண்டு. உடலில் கறுப்புப் பட்டைகள் போட்ட கான்விக்ட் டேங் தனியாகப் போனால் அடி வாங்கும். நூற்றுக்கணக்கில் கூட்டமாக இறங்கும்போது இடத்துக்குச் சொந்தக்காரனால் எல்லாரையும் விரட்ட முடியாது. கூட்டம் மேய்ந்துவிட்டு அடுத்த இடத்துக்குப் போய்விடும். தொட்டியில் நாம் செய்கிற எல்லாமே இந்த இரண்டிலிருந்துதான் வருகிறது: ஒன்றுக்கொன்று வித்தியாசமான மீன்களைச் சேர்ப்பது, அல்லது கோபத்தைப் பல பேர் மீது சிதறடிப்பது.

படி 1: தொட்டியை அளந்து பாருங்கள்

லிட்டர் கணக்கு இங்கே இரண்டாம் பட்சம். டேங்குகளுக்கு முக்கியம் நீளம், அடுத்து அகலம். மூன்றடி உயரமுள்ள நாலடித் தொட்டி லிட்டரில் பெரிதாகத் தெரியும். நீந்துகிற மீனுக்கு அது சின்ன அறை.

என் அளவுகோல் இது. நாலடியில் டொமினி அல்லது கோல் மாதிரி சிறிய வகை ஒன்று போதும். 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம் என்றால் ஏறக்குறைய 680 லிட்டர். இதில் மூன்று, நன்றாகக் கவனித்தால் நான்கு. 8 அடிக்கு இரண்டரை அடி அகலமும் உயரமும் இருந்தால் சுமார் 1,400 லிட்டர். அப்போது ஆறேழு டேங்குகளைப் பற்றி யோசிக்கலாம். நேசோ என்ற பெரிய டேங் வகைகளுக்கு எட்டடிதான் தொடக்கம். இதை விடச் சின்னத் தொட்டியில் வளர்க்கிறவர்கள் இருக்கிறார்கள், தெரியும். கடையில் 5 செ.மீ. மீனாக வாங்கி "அப்புறம் பெரிய தொட்டி வாங்கிக்கொள்ளலாம்" என்று சொல்கிறவர்களில் எத்தனை பேர் பெரிய தொட்டி வாங்கினார்கள் என்பதும் தெரியும். ஹவாயில் காட்டு மஞ்சள் டேங்குகளுக்கு 40 வயது வரை கண்டறிந்திருக்கிறார்கள். நீங்கள் வாங்குவது ஓரிரு வருட விருந்தாளியை இல்லை.

முழு வளர்ச்சியில் மஞ்சள் டேங் சுமார் 20 செ.மீ., டொமினி அதற்கும் குறைவு, பர்ப்பிள் கொஞ்சம் கூட. நீல டேங் 30 செ.மீ. வரை போகும். செய்ல்ஃபின்னும் சோஹாலும் 40 செ.மீ.; நேசோ லிட்டுராட்டஸ் 45 செ.மீ. விளாமிங்கி, யூனிகார்ன் போன்ற பெரிய நேசோக்கள் 60 செ.மீ. தாண்டும். அவை வீட்டுத் தொட்டிக்கு உரியவை இல்லை.

பாறை அடுக்கும் முறையையும் இப்போதே முடிவு செய்யுங்கள். பின்பக்கக் கண்ணாடி முழுக்கச் சுவர் மாதிரி அடுக்கினால் நீந்தும் பாதை பாதியாகிவிடும். இரண்டு மூன்று தீவுகளாக அடுக்கி, நடுவில் புகுந்து வெளிவர வழி விடுங்கள். துரத்தப்படும் மீன் ஒரு தீவைச் சுற்றி மறைந்துவிட்டால் துரத்துகிறவன் பார்வையிலிருந்து போய்விடும். பாதிச் சண்டை அங்கேயே முடியும். எத்தனை டேங்குகளோ அத்தனைக்கும் மேல் ஒன்றிரண்டு கூடுதலாகத் தூங்குகிற பொந்துகள் இருக்க வேண்டும். மாலையில் விளக்கு அணையும் நேரத்தில் நடக்கும் தகராறில் பெரும்பகுதி பொந்துக்காகத்தான்.

படி 2: ஐந்து குடும்பங்களையும் தெரிந்துகொள்ளுங்கள்

கடையில் ஐம்பது பெயர் சொல்வார்கள். வளர்ப்பவருக்கு வேண்டியது ஐந்து பேரினங்கள்தான். ஒவ்வொன்றிலும் ஒன்று எடுப்பது மிகப் பாதுகாப்பான தேர்வு, ஏனென்றால் வடிவமும் வாயும் வேறு வேறு.

ஜீப்ராசோமா: உயரமான தட்டையான உடல், நீண்ட மூக்கு, பாய்மரம் மாதிரி விரியும் துடுப்பு. மொத்தமே ஏழு இனங்கள். ஹவாய் மஞ்சள், செங்கடல் பர்ப்பிள், பழுப்பு ஸ்கோபாஸ், பசிபிக் செய்ல்ஃபின், இந்தியப் பெருங்கடல் டெஸ்ஜார்டினி, மொரிஷியஸ் பக்கத்து ஜெம், பசிபிக் பிளாக். கடைசி இரண்டின் விலையைக் கேட்டால் பைக் வாங்கிவிடலாம் என்று தோன்றும். இந்தக் குடும்பத்துக்குள் சண்டை அதிகம். அதிலும் பர்ப்பிள் பெரிய ரௌடி. செய்ல்ஃபின் என்ற ஒரே பெயரில் இரண்டு இனங்களை விற்கிறார்கள். வால் மஞ்சளாக இருந்தால் பசிபிக் இனம். வால் கறுத்து வெள்ளைப் புள்ளிகள் இருந்தால் டெஸ்ஜார்டினி. தொட்டியில் குமிழிப் பாசி தொல்லை இருப்பவர்கள் டெஸ்ஜார்டினியைத் தேடுவதுண்டு. சில மீன்கள் அதை விரும்பித் தின்னும், எல்லாம் தின்னும் என்று உறுதி கிடையாது.

டீனோகீட்டஸ்: கோல், டொமினி, இந்தியப் பெருங்கடல் ட்ரங்காட்டஸ், செவ்ரான். இவற்றின் பற்கள் சீப்பு மாதிரி. பாசியைக் கடித்து இழுக்காமல், பாறை மேல் படியும் பழுப்புப் படலத்தையும் துகள்களையும் வாரி எடுக்கும். மற்ற டேங்குகளோடு சாப்பாட்டில் மோதல் குறைவு. அளவும் சிறியது. நிறம் அமைதியாக இருப்பதால் யாரும் முதலில் கேட்பதில்லை. என்னைக் கேட்டால் எந்தப் பட்டியலிலும் முதல் பெயர் இதாகத்தான் இருக்க வேண்டும்.

பாராகாந்தூரஸ்: ஒரே ஒரு இனம், நீல டேங். 2003இல் வந்த ஃபைண்டிங் நீமோ படத்தின் டோரி. இது பாசியை விட நீரில் மிதக்கும் சிற்றுயிர்களை அதிகம் தின்னும். அதனால் மேய்ச்சல் இடத்துக்காக மற்றவர்களோடு அவ்வளவாக மோதுவதில்லை. தன் இனத்தோடு மட்டும் முரண்டு பிடிக்கும். பயந்தால் பாறை இடுக்கில் போய்ச் செருகிக்கொள்ளும், செத்தது மாதிரி ஒருக்களித்துப் படுத்துக் கிடக்கும். புதிதாக வாங்கியவர்கள் இதைப் பார்த்துப் பதறி வலையைப் போடுவார்கள். வேண்டாம், விட்டுவிடுங்கள். இதன் உண்மையான சிக்கல் வேறு: ரூபாய் நாணயம் அளவில் விற்கப்பட்டு, ஒரு முழு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வளரும். வெள்ளைப்புள்ளி நோயும் இதை எளிதில் பிடிக்கும்.

நேசோ: பெரிய உடல், பொதுவாகச் சாது. மற்ற டேங்குகளின் கத்தி மடங்கி உள்ளே போகும். நேசோவின் வாலடியில் மடங்காத தகடுகள் நிலையாக நிற்கும். இந்தியப் பெருங்கடலின் நேசோ எலிகன்ஸ் எட்டடித் தொட்டிக்கு அருமையான மீன். கடலில் சார்காசம் போன்ற பழுப்புக் கடற்பாசிகளைத் தின்பவை. தொட்டியிலும் பழுப்புப் பாசி கொடுத்தால் பாய்ந்து வரும்.

அகாந்தூரஸ்: மிகப் பெரிய குடும்பம், குணத்திலும் மிகப் பெரிய வித்தியாசம். பவுடர் புளூ, அக்கிலிஸ், சோஹால், கிளவுன், கான்விக்ட், ஆரஞ்சுத் தோள்பட்டை, மிமிக் எல்லாம் இதில்தான். பவுடர் புளூ நம் பக்கத்து மீன்; இலங்கை, மாலத்தீவு, அந்தமான் கடல் எல்லாம் அதன் இடம். அழகில் அதை மிஞ்ச ஆளில்லை. நோய் பிடிப்பதிலும் ஏறக்குறைய அப்படித்தான். அக்கிலிஸுக்கு வேகமான நீரோட்டமும் நிறைந்த ஆக்சிஜனும் வேண்டும், அனுபவம் இல்லாதவர்கள் தொடாமல் இருப்பது நல்லது. மிமிக் டேங் குஞ்சுகள் குள்ள ஏஞ்சல் மீன்களின் நிறத்தை நகல் எடுத்துத் திரியும். வளர்ந்தபின் அந்த நிறம் போய்விடும். பளிச்சென்ற எலுமிச்சை மஞ்சளைப் பார்த்து வாங்கியவருக்குக் கடைசியில் ஒரு பழுப்பு மீன் மிஞ்சும். குணத்தில் அது நல்ல மீன், நிறத்துக்காக வாங்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

சோஹாலையும் கிளவுனையும் கலப்புத் தொட்டிக்கு நான் பரிந்துரைப்பதே இல்லை. குட்டியில் ஒழுங்காக இருக்கும். 20 செ.மீ. தாண்டியதும் எட்டடித் தொட்டி முழுவதும் தன்னுடையது என்று முடிவு செய்துவிடும். கிளவுனின் கத்தியில் விஷமும் உண்டு. சோஹால்தான் வேண்டும் என்றால் அந்தத் தொட்டியின் ஒரே டேங் அதுதான் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

படி 3: பட்டியலை எழுதுங்கள்

ஆறடித் தொட்டிக்கு என் பட்டியல்: ஒரு கோல் அல்லது டொமினி, ஒரு மஞ்சள், ஒரு கான்விக்ட். நான்காவது வேண்டுமென்றால் பவுடர் புளூ, ஆனால் அப்போது கான்விக்டை விட்டுவிட்டு, அந்த இடத்துக்கு வேறு குடும்பத்திலிருந்து ஒன்றைப் பாருங்கள். நீல டேங்கை ஆறடியில் வைக்கலாமா என்றால், நீளத்தோடு அகலமும் இரண்டரை அடி இருந்தால் சரி.

எட்டடித் தொட்டிக்கு: ஒரு கோல், ஒரு டொமினி, ஒரு நீல டேங், ஒரு நேசோ எலிகன்ஸ், ஒரு மஞ்சள், ஒரு டெஸ்ஜார்டினி, கடைசியாக ஒரு பவுடர் புளூ. இதில் ஜீப்ராசோமா இரண்டு இருக்கின்றன. மஞ்சளுக்கும் டெஸ்ஜார்டினிக்கும் நிறத்திலும் அளவிலும் நல்ல வித்தியாசம் இருப்பதால் பெரும்பாலும் ஓடிவிடும். டெஸ்ஜார்டினிக்குப் பதில் பர்ப்பிள் என்றால் ஆபத்து ஒரு படி கூடும். அதை மஞ்சளை விடச் சின்னதாக வாங்கிக் கடைசியில் விட வேண்டும்.

"மஞ்சளை மூன்று நான்காக வைக்கலாமா?" இந்தக் கேள்வி எப்போதும் வரும். ஹவாயில் அவை பகலில் தளர்வான கூட்டமாக மேய்வதைப் பார்த்துத்தான் இந்த ஆசை. இரண்டு வைத்தால் ஒன்று மற்றதை ஓயாமல் துரத்தும். மூன்று வைத்தால் பெரும்பாலும் கடைசியானது பலியாகும். எட்டடியில் ஐந்து அல்லது அதற்கு மேல், எல்லாம் ஒரே அளவில், எல்லாவற்றையும் ஒரே நாளில் விட்டால் நடக்கும். அப்படிச் செய்தால் மற்ற ஜீப்ராசோமாக்களைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். ஒன்று, இல்லையென்றால் ஐந்து. நடுவில் உள்ள எண்களில் எனக்கு நம்பிக்கை இல்லை.

படி 4: வாங்கும்போது

மஞ்சள் டேங் ஒரு காலத்தில் மலிவான மீன். 2017இல் ஹவாய் உச்ச நீதிமன்றம், அலங்கார மீன் பிடிப்பு உரிமங்களுக்குச் சுற்றுச்சூழல் ஆய்வு கட்டாயம் என்று தீர்ப்புச் சொன்ன பிறகு பிடிப்பு சுருங்கி, விலை பல மடங்கு ஏறிவிட்டது. நல்லவேளையாக, ஹவாய் ஓஷியானிக் இன்ஸ்டிட்யூட் 2015இல் மஞ்சள் டேங்கையும், ஃபுளோரிடா பல்கலைக்கழகம் 2016இல் நீல டேங்கையும் முதன்முதலில் வளர்ப்பிலேயே முட்டையிலிருந்து குட்டி மீனாக வளர்த்துக் காட்டின. இப்போது பண்ணையில் பொரித்த மஞ்சள் டேங்குகள் சந்தையில் கிடைக்கின்றன. கிடைத்தால் அதையே வாங்குங்கள். குருணைத் தீனியைச் சிறு வயது முதல் தின்று பழகியவை. ஒரே சங்கடம், மிகச் சின்னதாக விற்பார்கள். வளர்ந்த டேங்குகள் உள்ள தொட்டியில் நேரே விட முடியாது. சம்ப்பிலோ (தண்ணீரைச் சுத்திகரிக்கும் கீழ்த் தொட்டி) தனித் தொட்டியிலோ கொஞ்ச மாதம் வளர்த்துத்தான் விட வேண்டும்.

காட்டு மீன் என்றால் எங்கே பிடித்தது என்று கேளுங்கள். பிலிப்பைன்ஸில் 1960களில் தொடங்கிய சயனைடு போட்டுப் பிடிக்கும் பழக்கம் இந்தோனேசியாவுக்கும் பரவியது. அப்படிப் பிடித்த மீன் கடையில் நன்றாகத் தெரிந்து, வீட்டுக்கு வந்த சில வாரத்தில் காரணமே தெரியாமல் செத்துப்போகும்.

கடையில் பக்கவாட்டில் மட்டும் பார்க்காமல் மீன் உங்களை நோக்கித் திரும்பும்போது முன்பக்கமாகப் பாருங்கள். வயிறு உள்வாங்கி, கண்ணுக்குப் பின்னால் முதுகுச் சதை வற்றி இருந்தால் எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் வேண்டாம். செவுள் வேகமாக அடித்துக்கொண்டிருந்தால் வேண்டாம். பாறையில் உடலைத் தேய்த்தால் வேண்டாம். கண்முன்னே தீனி போடச் சொல்லுங்கள். தின்னாத மீனை "நாளைக்குத் தின்றுவிடும்" என்ற வாக்கை நம்பி வாங்காதீர்கள். பாறையைக் கொத்திக்கொண்டே இருக்கும் மீன் நல்ல அடையாளம். கோல் வகையில் உதட்டையும் கவனியுங்கள்; பயணத்தில் வாயில் அடிபட்டிருந்தால் அதனால் பாறையை வார முடியாது.

வலையில் பிடிக்க விடாதீர்கள். வாலடிக் கத்தி வலையில் மாட்டிக் கிழிந்துவிடும். பிளாஸ்டிக் டப்பாவில் மொண்டு எடுக்கச் சொல்லுங்கள். நீங்களும் வெறும் கையால் பிடிக்காதீர்கள், கீறினால் சும்மா இருக்காது. கீறிவிட்டால் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவுங்கள். வீக்கம் இறங்கவில்லை என்றால் மருத்துவரிடம் தொட்டி வைத்திருப்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

படி 5: தனிமைத் தொட்டி

புதிய மீனை ஒரு மாதம் தனித் தொட்டியில் வைத்துப் பார்ப்பது இந்தப் படி. இதைத் தாண்டிக் குதிக்கிறவர்கள்தான் அதிகம், டேங்குகளை மொத்தமாக இழக்கிறவர்களும் அவர்களே. டேங்குகளின் தோலில் சளிப் படலம் மெல்லியது என்று வளர்ப்பவர்கள் சொல்வார்கள். காரணம் எதுவானாலும், தொட்டிக்குள் வெள்ளைப்புள்ளி வந்தால் முதலில் இவற்றின் மேல்தான் தெரியும். ஒத்துப்போகாத மீன்களும் இங்கே சேர்ந்துகொள்கின்றன: துரத்தப்படும் மீனின் எதிர்ப்புச் சக்தி விழும், ஒட்டுண்ணி பெருகும், பிறகு துரத்தியவனையும் பிடிக்கும்.

கிரிப்டோகேரியான் என்ற இந்த ஒட்டுண்ணி மீன் மேல் சில நாள் மட்டும் இருக்கும். பிறகு உதிர்ந்து பாறையிலோ மணலிலோ கூடு கட்டி, உள்ளே பல மடங்காகப் பெருகி மறுபடி மீனைத் தேடி வரும். ஆகவே புள்ளிகள் மறைவது குணமானதற்கு அடையாளம் இல்லை. கூட்டுக்குள் இருப்பதை மருந்து தொடாது. முக்கியத் தொட்டிக்குள் வந்துவிட்டால் எல்லா மீன்களையும் வெளியே எடுத்து, மீனே இல்லாமல் 76 நாள் விட்டு வைப்பதுதான் வளர்ப்பவர்கள் கடைப்பிடிக்கும் கணக்கு. எட்டடித் தொட்டியிலிருந்து எல்லாவற்றையும் பிடிப்பது எப்படிப்பட்ட வேலை என்று செய்தவரைக் கேளுங்கள். அதற்குத் தனிமைத் தொட்டி எவ்வளவோ மேல்.

மூன்றடி நீளத்தில் வெறும் கண்ணாடித் தொட்டி, மணல் வேண்டாம், பாறை வேண்டாம். ஒளிந்துகொள்ளப் பெரிய பி.வி.சி. குழாய்த் துண்டுகள். சம்ப்பில் முன்கூட்டியே போட்டு நல்ல பாக்டீரியா படியவைத்த ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஹீட்டர், காற்றுப் பம்ப். கடுமையான வெள்ளைப்புள்ளிக்கும் அதை விட வேகமாகக் கொல்லும் வெல்வெட் என்ற ஒட்டுண்ணி நோய்க்கும் தாமிர மருந்துதான் நம்பகமானது. கீலேட் செய்த (வேறு பொருளோடு பிணைத்த) தாமிரம் என்றால் லிட்டருக்கு 2 முதல் 2.5 மி.கி. வரை, 30 நாள். இரண்டு நாளில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள், டிஜிட்டல் சோதனைக் கருவியால் தினமும் அளந்து பாருங்கள். வேறு வகைத் தாமிர மருந்துக்கு அளவு மிகவும் குறைவு. பாட்டிலில் போட்டிருப்பதைப் படிக்காமல் ஒரு சொட்டும் விடாதீர்கள். அமோனியாவைக் கட்டும் திரவங்களைத் தாமிரத்தோடு சேர்க்காதீர்கள். அமோனியா ஏறினால் தண்ணீர் மாற்றுங்கள், மாற்றிய தண்ணீருக்கு ஏற்பத் தாமிரத்தை ஈடு செய்யுங்கள். இந்தத் தொட்டியின் குழாயோ கோப்பையோ முக்கியத் தொட்டிப் பக்கம் போகக் கூடாது. தாமிரம் பவளம், இறால், நத்தை எல்லாவற்றையும் கொன்றுவிடும்.

இந்த ஒரு மாதத்தில் இன்னொரு வேலையும் நடக்கிறது. கிளிப்பில் மாட்டிய நோரி என்ற காய்ந்த கடற்பாசித் தாளைத் தின்னவும், கையிலிருந்து விழும் தீனியைத் தேடி வரவும் மீன் பழகுகிறது. பசியில்லாமல், பயமில்லாமல் போகிற மீன்தான் புதிய தொட்டியில் தன் இடத்தைப் பிடிக்கும்.

படி 6: விடும் வரிசை

சாதுவானது முதலில், முரடு கடைசியில். கோல், டொமினி முதலில். அடுத்து நீல டேங்கும் நேசோவும். பிறகு ஜீப்ராசோமாக்கள், இரண்டு இருந்தால் இரண்டையும் ஒரே நாளில். எல்லாவற்றுக்கும் கடைசியில் பவுடர் புளூ அல்லது பர்ப்பிள், அதுவும் ஏற்கெனவே உள்ளவற்றை விடச் சின்ன அளவில். முதலில் வந்த மீனுக்கு இது என் வீடு என்ற எண்ணம் வந்துவிடும். பர்ப்பிளை முதலில் விட்டால் அதன் பிறகு எந்த டேங்கையும் சேர்ப்பது போர்தான்.

புதிய மீனை நேரே விடாமல், துளை போட்ட ஒளிபுகும் பெட்டியைக் கண்ணாடியோரம் தொங்கவிட்டு அதற்குள் மூன்று நாலு நாள் வையுங்கள். பழைய மீன்கள் வந்து துடுப்பை விரித்து, வாலால் பெட்டியை அடித்துக் காட்டும். அடிக்கட்டும், அடிபடுவது பிளாஸ்டிக்தான். பெட்டிக்கு உள்ளேயும் வெளியேயும் ஒரே நேரத்தில் நோரி மாட்டுங்கள். பழைய மீன் பெட்டியைக் கண்டுகொள்ளாமல் மேயத் தொடங்கிய பிறகு, விளக்கு அணையும் நேரத்தில் திறந்துவிடுங்கள். மறுநாள் காலையில் தொட்டிக்கு வெளியே ஒரு கண்ணாடியைச் சாய்த்து வைத்தால் முரட்டு மீன் தன் பிம்பத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும். சின்னத் தந்திரம்தான், ஆனால் முதல் இரண்டு நாளுக்கு நன்றாக வேலை செய்கிறது. பாறைகளில் ஒரு தீவை இடம் மாற்றி வைத்தாலும் பழைய எல்லைக் கோடுகள் கலைந்துவிடும்; பவளம் ஒட்டிய தொட்டியில் இதற்கு வாய்ப்பில்லை.

முதல் வாரம் துரத்தல் இருக்கும். துடுப்பை விரிப்பது, பக்கவாட்டில் நின்று வாலை ஆட்டுவது, வட்டமாகச் சுற்றுவது எல்லாம் வழக்கமான பேச்சுவார்த்தை. இரவில் மஞ்சள் டேங்கின் நடுவில் வெள்ளைக் கோடு தெரிவதும் நோய் இல்லை, அதன் தூங்கும் நிறம். உடலில் வெள்ளைக் கீறல்கள், கிழிந்த துடுப்பு, மேல் மூலையில் ஒட்டிக்கொண்டு சாப்பிட வராமல் இருப்பது, இவற்றைப் பார்த்தால் காத்திருக்க வேண்டாம். அப்போது அடி வாங்கியவனைப் பெட்டியில் போடுவதுதான் எல்லாரும் செய்வது. அடித்தவனைப் போடுங்கள். ஒரு வாரம் பெட்டியில் இருந்து வெளியே வரும்போது அவன்தான் புதியவன், மற்றவன் அதற்குள் பொந்து பிடித்துச் சாப்பிட்டுத் தேறியிருப்பான்.

படி 7: சாப்பாடும் தண்ணீரும்

பசித்த டேங்தான் சண்டைக்கார டேங். நோரி தினமும் வேண்டும், ஒரே இடத்தில் வேண்டாம். எட்டடித் தொட்டியில் இரண்டு முனையிலும் நடுவிலும் ஒவ்வொரு கிளிப். ஒரு முனையை முரடன் காவல் காத்தாலும் மற்ற இரண்டில் மற்றவை தின்னும். சூஷிக்கு விற்கும் நோரியே போதும். எண்ணெய், உப்பு, மசாலா சேர்க்காததா என்று பின்பக்கம் பார்த்து வாங்குங்கள். நீல டேங்குக்கு மைசிஸ் என்ற சிறு இறால், நேசோவுக்குப் பழுப்புப் பாசி, கோலுக்குப் பாறையில் படலம். பாறையை மிகச் சுத்தமாகத் தேய்த்து வைக்கிறவர்கள் வீட்டில் கோல் மெலிந்துபோகும். எல்லாருக்கும் நல்ல குருணைத் தீனி, இரண்டு மூன்று வேளையாகப் பிரித்து. மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் இருப்பவர்களுக்குக் கடற்பாசி கரையிலேயே ஒதுங்கும். அதை ஈரமாகக் கொண்டுவந்து போடுவது ஒட்டுண்ணியையும் சேர்த்துப் போடுவது. நன்றாக நன்னீரில் அலசி, காயவைத்துக் கொடுங்கள்.

முகத்திலும் பக்கக் கோட்டிலும் தோல் அரித்துக் குழி விழும் நோய் டேங்குகளுக்கு அடிக்கடி வரும். அட்லாண்டிக் சர்ஜன் மீன்களை வைத்துச் செய்த ஒரு சோதனையில், நீரைச் சுத்தப்படுத்தும் லிக்னைட் கரி போட்ட தொட்டி மீன்களுக்கு இது வந்தது. ஆகவே கரி பயன்படுத்தினால் தூசி உதிராத தரமானதை நன்றாகக் கழுவிப் போடுங்கள், தீனியில் வைட்டமின் ஊறவையுங்கள்.

டேங்குகள் அலை மோதும் இடத்து மீன்கள். ஆக்சிஜன் குறைந்தால் முதலில் திணறுபவை இவையே. வெப்பநிலை 25, 26 டிகிரி. சென்னை மாதிரி ஊரில் சில்லர் இல்லாமல் இது நடக்காது. 30 தாண்டிய நீரில் ஆக்சிஜனும் குறைவு, கோபமும் அதிகம். மின்வெட்டு வரும் ஊர் என்றால் நீரைச் சுழற்றும் ஒரு வேவ்மேக்கரையாவது யூ.பி.எஸ்.ஸில் இணையுங்கள். விளக்கைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். ஏழு டேங்குகள் உள்ள தொட்டியில் ஓட்டம் நின்றால் சில மணி நேரமே அவகாசம்.

ஒருவேளை ஒத்துப்போகவே இல்லை என்றால்

எல்லாம் சரியாகச் செய்தும் சில மீன்கள் திருந்தாது. பெரும்பாலும் இது இரண்டாம், மூன்றாம் வருடத்தில், மீன் முழு அளவை எட்டும்போது வரும். வலையோடு துரத்தாதீர்கள், பாறை எல்லாம் இடியும், மற்ற மீன்களும் அலறும். கதவுள்ள பொறிப் பெட்டியை உள்ளே வைத்து, கதவைத் திறந்தே விட்டு, ஒரு வாரம் நோரியை அதற்குள் மட்டும் கட்டுங்கள். முரடன்தான் முதலில் உள்ளே போவான், ஏனென்றால் நல்ல இடம் எல்லாம் அவனுக்கு. ஒரு நாள் நூலை இழுத்துக் கதவை இறக்குங்கள்.

பிடித்த மீனைக் கடையில் திருப்பிக் கொடுங்கள், அல்லது பெரிய தொட்டி வைத்திருப்பவருக்குக் கொடுங்கள். கடலில் விடாதீர்கள். தென்கிழக்கு ஃபுளோரிடாக் கடலில் மஞ்சள், செய்ல்ஃபின் போன்ற ஜீப்ராசோமாக்களைப் பிடித்திருக்கிறார்கள். அவை அந்தக் கடலுக்கே உரியவை இல்லை, வீட்டுத் தொட்டிகளிலிருந்து போனவை. முரடனை எடுத்த பிறகு இரண்டு வாரத்துக்குப் புதிய மீன் எதையும் சேர்க்காமல் பாருங்கள். இதுவரை வாயைத் திறக்காத இரண்டாவது மீன் அந்த இடத்தை எடுத்துக்கொள்ளும். அது யார், எப்படி நடந்துகொள்கிறது என்று தெரிந்த பின் பட்டியலைத் திருத்தி எழுதுங்கள்.